முப்பது நொடி

ஊரின் பெயரில் மூன்று ஆறு.
வந்து பார்த்தால் ஒன்றுதான்;
முகத்துவாரத்தில் தீவுகள் குறுக்கே படுத்து
அதை மூன்றாகக் காட்டுகின்றன.
பிப்ரவரியில் அதுவும் இல்லை. வெறும் வெள்ளை.

நொர்மான் ஜெலினா, அறுபத்து மூன்று வயது,
கூரை போடுகிறவர்,
நடைகூடத்துச் சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தார்.
அக்டோபரில் விழுந்தது கூரையிலிருந்து அல்ல,
சொந்த வீட்டுக் குளியலறையில்.
இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

பூட்ஸைக் கழற்றுங்கள் என்றேன்.
இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.
தட்டின் மேல் ஏறுங்கள்,
கைகள் தொங்கட்டும்,
கண்ணை மூடுங்கள்.
முப்பது நொடி. அசைய வேண்டாம்.

அசையாமல் எவரும் நின்றதில்லை.
ஆறு ஆண்டாக இந்தத் திரையைப் பார்க்கிறேன்.
முன்னே ஓர் இழை சரிவார்கள்,
கணுக்கால் பிடித்து இழுக்கும்,
இழுத்தது கூடிப்போய்ப் பின்னே ஓர் இழை,
காது ஒன்று சொல்லும், பாதத்தின் தோல் வேறொன்று சொல்லும்,
மண்டையோட்டின் அடியில் ஒளிந்திருக்கும்
சின்னஞ்சிறு தசைகள்
தலை இருக்கும் இடத்தை மூளைக்குத் தந்தி அடித்தபடி இருக்கும்.
இந்த அமளிக்குத்தான்
சும்மா நிற்பது என்று பெயர்.

தட்டுக்கு எல்லாம் தெரியும். எழுதிவிடும்.
நொர்மான் எழுதியது
கோழி கிண்டிய மணல் மாதிரி இருந்தது.

அடுத்த அறையில் ஒடெட்.
கழுத்தில் எங்கோ ஒரு தந்தி சிக்கிக் கிடக்கிறது,
சரியாகத் தட்டினால் விடுபடும்
என்பது அவள் நம்பிக்கை.
எந்த உறையைப் பிரித்தாள் என்று எனக்குத் தெரியாது,
தெரியக் கூடாது.
ஓர் உறை சொல்லும்:
முள்ளெலும்பைத் தேடிப் பிடி, ஒரே வெட்டில் தள்ளு.
இன்னொன்று சொல்லும்:
கையை வை, தள்ளாதே,
மேசைப் பலகை மட்டும் இறங்கட்டும்.
சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டுக்கும் ஒரே சத்தம்.

சடக்.

திரும்பி வந்தவர் சுவரைத் தொடவில்லை.
"யாரோ தரையைத் திருகி இறுக்கியிருக்கிறார்கள்" என்றார்.
மறுபடி தட்டு, மறுபடி முப்பது நொடி.
கிறுக்கல் ஒரு பட்டாணிக்குள் அடங்கியது.

ஏப்ரலில் ஆறு உடைந்தது. உறைகளையும் உடைத்தோம்.
அறுபத்தெட்டுப் பேர்.
தள்ளப்பட்டவர், தள்ளப்படாதவர்,
இரு சராசரிக்கும் இடையில்
மயிரிழை நுழைய வழியில்லை.
ஒடெட் அட்டவணையை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள்,
காபி போட்டாள், குடிக்கவில்லை.
பதினைந்து வருடம் பழகிய கை அவளுடையது.
நொர்மானின் எண் நாற்பத்தொன்று.
பலகை மட்டும் இறங்கிய பக்கம்.

கடிதத்தில் தெரிவிப்பதே விதி. நான் போனில் சொன்னேன்.
அந்தப் பக்கம் ஹாக்கி வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ கோல் போட்டு, கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகு
"அப்போ கழுத்தைத் தொடவே இல்லையா?"
"தொட்டோம். தள்ளவில்லை."
"ம்."
பிறகு, எனக்கு அல்ல, தனக்குச் சொல்வதுபோல:
"நேற்று கொட்டகைக் கூரைக்கு ஏணி வைத்தேன்.
நான்கு படி ஏறினேன்.
ஐந்தாவதில் இறங்கிவிட்டேன்."

திட்டுவார் என்று ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு.
அந்தப் படம் கிடைக்குமா, குளிர்பெட்டியில் ஒட்ட?
பட்டாணியைத்தானே, என்றேன்.
"இல்லை, முதலாவது.
இரண்டாவதில் நான் சும்மா நின்றேன்.
முதலாவதில் உயிரைக் கொடுத்து நின்றிருக்கிறேன்,
நீங்கள்தான் பார்த்தீர்களே."

அச்சுப்பொறியில் கறுப்பு மை தீர்ந்திருந்தது.
நீலத்தில் எடுத்தேன்.
பெரிய உறையாகத் தேடிப் போட்டேன்,
மடிக்காமல்.